மூன்று பிளக் வண்டி

பக்கத்து வீட்டுக்காரன் பைக் இஞ்சினில் இரண்டு ஸ்பார்க் பிளக் இருப்பது ஆவுடையப்பன் அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. நேரே மெக்கானிக் செபஸ்தியின் கடைக்கு வந்தார். கடை இருந்த கட்டடம் அண்ணாச்சியுடையது.

"லேய், என் வண்டிக்கு மூணு பிளக் போடு. சாயங்காலம் வண்டி பறக்கணும். இல்லன்னா கடையக் காலி பண்ணு."

"இஞ்சின்ல ஒரு பிளக்குக்குத்தான் எடம் இருக்கு அண்ணாச்சி."

"எனக்கே பாடம் நடத்துதியா?"

செபஸ்தி ஸ்பானரை எடுத்தான். பழைய பிளக்கில் வண்டியை இழுக்கவிடாமல் கரி அப்பிக் கிடந்தது. தேய்த்துத் துடைத்து மாட்டினான். புதிய பிளக் இரண்டையும் இஞ்சினின் வெளித்தகடுகளுக்கு நடுவில் செருகி, ஒயர்களை டேங்குக்கு அடியில் ஒளித்தான்.

சாயங்காலம் அண்ணாச்சி கடைத்தெருவை மூன்று சுற்றுச் சுற்றி, செபஸ்தியின் கடை முன் வந்து நின்றார். கூட்டம் கூடிவிட்டது.

"பாத்தியளா, மூணு பிளக் இழுக்குற இழுப்ப! வெவரங்கெட்ட பய, எடம் இல்லங்கான். சரி, பொழச்சுப் போ. கடைய நீயே வச்சுக்கோ."

இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. செபஸ்தி குனிந்து புது ஒயர் இரண்டையும் வெறுங்கையால் உருவினான். மறுமுனை எதிலும் மாட்டாமல் கையோடு வந்தது. இஞ்சின் சத்தம் துளி மாறவில்லை. கூட்டம் சிரித்தது.

"கடைய வச்சுக்கோன்னு சொன்னியளே அண்ணாச்சி, அந்தச் சொல்லாவது எதுலயாவது மாட்டியிருக்கா?"

"இருக்குலே" என்று முனகி அண்ணாச்சி ஆக்ஸிலரேட்டரை முறுக்கினார். வண்டி ஒற்றைப் பிளக்கில் பறந்தது.