இரண்டு மாமனார் சண்டையும் ஒரு மாப்பிள்ளை முறுக்கும்

எந்தக் காலம் என்று கேட்காதீர்கள். ராஜாவுக்குக் கோபம் வந்தால் ஊருக்கே வயிற்றைக் கலக்கும் காலம். அப்போது கடலோரத்தில் மிளகுத்துறை என்றொரு நாட்டைப் பூவராகன் என்ற ராஜா ஆண்டுவந்தார். நாடு புத்தம் புதுசு. கோட்டைச் சுவரில் அடித்த சுண்ணாம்புகூட இன்னும் காயவில்லை.

புது நாட்டை எவன் மதிப்பான்? அதனால் ராஜா மேலைத்தீவு அரசன் மகளை ஒரு முகூர்த்தத்திலும், கீழைத்தீவு அரசன் மகளை அடுத்த முகூர்த்தத்திலும் கட்டிக்கொண்டார். நாட்டில் மிளகு காய்க்குமே தவிர நெல் விளையாது. இரண்டு மாமனார் வீட்டுக்கும் மிளகு போகும், அங்கிருந்து அரிசி வரும். ஜனங்கள் வயிறாரச் சாப்பிட்டார்கள்.

அது பொறுக்குமா? மாமனார்கள் இருவருக்கும் சண்டை மூண்டது. எதற்கு என்கிறீர்கள்? நடுக்கடலில் ஒரு மொட்டைப் பாறைக்கு! அதில் ஒரு நண்டுகூடக் குடியிருக்காது. அவன் கப்பலை இவன் மறித்தான், இவன் கப்பலை அவன் மறித்தான். மிளகுத்துறைக்கு ஒரு மணி அரிசி வரவில்லை. மிளகு கிடங்கில் பூசணம் பூத்தது. ஜனங்கள் காட்டுக்கிழங்கை அவித்துத் தின்றார்கள். போதாததற்கு இரண்டு பக்கமிருந்தும் ஒரே சேதி: "மாப்பிள்ளை எங்கள் பக்கம் சேரவேண்டும். இல்லாவிட்டால் துறைமுகத்தைக் கொளுத்துவோம்."

சபை கூடியது. சேனாபதி கொம்பையா மீசையை முறுக்கிக்கொண்டு எழுந்தார். அமைச்சர் நல்லசிவத்தைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

"மகாராஜா, மேலைத்தீவோடு சேர்வோம்! அடியேனைக் கப்பற்படைத் தலைவனாக்குங்கள். கீழைத்தீவைத் தூள் தூளாக்குகிறேன்!"

"எந்தக் கப்பற்படை?" என்றார் நல்லசிவம். "நம்மிடம் இருப்பது நாலு மீன்பிடி வள்ளம். அதில் ஒன்று ஓட்டை."

"பார்த்தீர்களா மகாராஜா, பயந்தாங்கொள்ளிப் பேச்சை!"

ராஜாவுக்குச் சுர்ரென்று ஏறியது. "நிறுத்துங்கள் ஐயா! நல்லசிவம், நான் யார் பக்கமும் சேரமாட்டேன். ஆனால் அமாவாசைக்குள் அரிசி வரவேண்டும். வராவிட்டால் உம் தலை இருக்காது."

கொம்பையாவுக்கு வாயெல்லாம் பல். நல்லசிவம் தன் கழுத்தை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "சரி மகாராஜா. ஆனால் தாங்கள் கொஞ்சம் கோபித்துக்கொள்ளவேண்டும்."

"அதை எனக்குச் சொல்லித்தரவேண்டுமா?"

"என்மேல் இல்லை. மாமனார்கள்மேல். மாப்பிள்ளை முறுக்கு!"

அன்றே இரண்டு தீவுக்கும் ஆள் போனது. 'மாப்பிள்ளை கோபித்துக்கொண்டார். மகள் முகத்தைப் பார்ப்பதில்லை, யாரிடமும் பேசுவதில்லை.' அந்தப்புரங்களில் மாமியார்கள் கொதித்துப் போனார்கள். "பாறையைக் கட்டிக்கொண்டு அழுதது போதும், போய் மாப்பிள்ளையைச் சமாதானம் செய்துவிட்டு வாருங்கள்!" என்று மாமனார்களைப் பிடித்துத் தள்ளாத குறை. மாப்பிள்ளை முறுக்கிக்கொண்டால் மாமனார் நேரில் வந்தாகவேண்டும். எவ்வளவு பெரிய ராஜாவானாலும் முறை முறைதானே!

இருவரும் ஒரே நாளில் வந்து இறங்கினார்கள். ஒருவரை ஒருவர் பார்த்ததும் கை வாளுக்குப் போனது. மகள்கள் நடுவில் நின்றதால் பல்லைக் கடித்துக்கொண்டு பந்தியில் உட்கார்ந்தார்கள். நடுவில் மாப்பிள்ளை, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு.

இலை போட்டார்கள். விழுந்தது அவித்த கிழங்கு. வேறொன்றும் இல்லை.

"என்ன அமைச்சரே, விருந்து இதுதானா?" என்றார் மேலைத்தீவார்.

"உங்கள் மகள் இரண்டு மாதமாகச் சாப்பிடுவது இதுதான், பிரபு. இவர் மகளும் இதைத்தான் சாப்பிடுகிறாள். ஊரும் இதைத்தான் தின்கிறது. அரிசிக் கப்பலை மறித்தவர்கள் யார் என்று மாப்பிள்ளை கேட்கிறார். அவர் கை நனைக்காமல் யாரும் எழுந்திருக்கவும் முடியாது."

இரண்டு ராணிகளும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அது நடிப்பில்லை. இளைத்துப்போன மகளைப் பார்த்துக் கீழைத்தீவார் தன் இலையைத் தள்ளிவைத்தார். மேலைத்தீவாரோ பதறிப்போய், "உங்கள் ராஜா எங்களோடு சேர்வது நிச்சயம் என்று கொம்பையா சொன்னாரே! அதற்குத்தானே அவருக்குத் தங்கப்பிடி வாள் அனுப்பினேன்!" என்று உளறிவிட்டார்.

சுவரைப் பார்த்திருந்த ராஜாவின் முகம் சடாரென்று திரும்பியது. பந்தியோரம் நின்ற கொம்பையா மெல்லத் தூணுக்குப் பின்னால் நகர்ந்தார்.

"என் கப்பல் நாளையே வரும் மாப்பிள்ளை," என்றார் கீழைத்தீவார்.

"என்னுடையது இன்று மாலையே வரும்! இனி மிளகுத்துறைக்கு வரும் கப்பலை நான் தொடமாட்டேன்," என்றார் மேலைத்தீவார்.

"நானும் தொடமாட்டேன்!"

நல்லசிவம் ராஜாவின் காதருகே குனிந்து, "போதும் மகாராஜா, சாப்பிடுங்கள்," என்றார்.

"சும்மா இரும் ஐயா," என்று முணுமுணுத்தார் ராஜா. "அரிசி வருகிறது. இன்னும் கொஞ்சம் முறுக்கினால் பருப்பும் வரும்."

பருப்பும் வந்தது. கப்பலிலிருந்து மூட்டை இறக்கும் வேலை கொம்பையாவுக்கு. தங்கப்பிடி வாளை விற்ற பணத்தில் அவர் சேனையே ஒரு வேளை சோறு சாப்பிட்டது. நல்லசிவத்துக்கு ராஜா தன் கைக்கங்கணத்தைக் கழற்றிப் போட்டார்.

மாமனார்கள் இருவரும் திரும்பும் வழியிலேயே அந்தப் பாறைக்காக மறுபடி வாளை உருவிக்கொண்டார்களாம். அவர்கள் பாடு. அன்று இரவு மிளகுத்துறையில் அடுப்பெல்லாம் எரிந்தது, குழந்தைகள் சோறு தின்றுவிட்டுத் தூங்கின.