சடைச்சி தலையாட்டிய கதை

ஊர்ந்து திரிகிற உயிர்களெல்லாம் வாய் திறந்து பேசிய காலம் அது. அப்போது அவை பகலில் தலைகாட்டவே மாட்டா. மேலே பருந்து வட்டமிடுமே, யாருக்குத் துணிச்சல் வரும்? பகலில் நடமாடுகிறவரைப் 'பகலாடி' என்பார்கள். அது அன்றைக்குப் பெரிய வசவு. புத்தி கெட்டுச் சாகத் திரிகிறவளைத்தான் அப்படித் திட்டுவார்கள்.

சடைச்சி என்கிற ஓணானும் வெள்ளச்சி என்கிற பல்லியும் அக்கா தங்கை. ஒரே பாறையிடுக்கில் பகலெல்லாம் தூங்கி, பொழுது சாய்ந்ததும் பூச்சி பிடிக்கப் போவார்கள். வெள்ளச்சியின் முட்டைகள் இடுக்கிலேயே ஜம்மென்று பொரிந்தன. பாவம் சடைச்சி! நிழல் மண்ணில் அவள் புதைத்தவை இரண்டு தடவையும் சில்லிட்டுக் கெட்டுப்போயின. இப்போது வயிற்றில் இருந்தது மூன்றாவது ஈடு. இதுவும் போனால் அவள் மனசு தாங்காது.

ஒருநாள் விடியும்போது அவள் வெளியே கிளம்பினாள்.

"எங்கடி போற? சாகணுமா உனக்கு? போடி பகலாடி!" என்று கத்தினாள் வெள்ளச்சி. கத்தியவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

சடைச்சி ஒரு வேலியோரம், திறந்த வெளியில் முட்டைகளைப் புதைத்துவிட்டுச் சூரியனை அண்ணாந்து பார்த்தாள். "சாமி, என் பிள்ளைங்களுக்குக் கொஞ்சம் சூடு கொடு."

"கொடுக்கிறேன் தாயி. ஆனா எனக்கு அளவு தெரியாது, வெந்துபோயிடும். நீ கூடவே இருந்து மண்ணைத் தொட்டுப் பார்த்துச் சொல்லு. போதுமான்னு நான் கேட்டுக்கிட்டே இருப்பேன்."

பகலெல்லாம் வாய்விட்டுப் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் பருந்துக்குக் கேட்டுவிடும். சடைச்சி மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வேலிக்குச்சியோடு குச்சியாக ஒட்டிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். நாற்பது நாள்! போதுமா என்று சூரியன் கேட்கக் கேட்க, தலையாட்டித் தலையாட்டிக் கழுத்தே நொந்துவிட்டது. இருட்டினால் அசதியில் அப்படியே தூங்கிவிடுவாள். தங்கையோடு ஒரு வார்த்தை பேச முடியவில்லை.

நாற்பதாம் நாள் இருட்டியதும் வெள்ளச்சி எட்டிப் பார்த்தாள். வேலிக்குக் கீழே ஏழு குஞ்சுகள் வாலை நிமிர்த்திக்கொண்டு ஓடின. மேலே சடைச்சி அசந்து தூங்கினாள்.

"அடி பகலாடி, ஜெயிச்சுட்டியேடி!" என்று அழுதாள் வெள்ளச்சி. அக்காவுக்கு அது கேட்கவில்லை.

அன்று தொட்டு அந்தச் சொல் வசவாக இல்லை. பகலில் நடமாடும் உயிர்களுக்கெல்லாம் அதுவே பெயராகிவிட்டது. ஓணான் இன்னும் வெயிலில் உட்கார்ந்து தலையாட்டுகிறது. பல்லி இன்னும் இருட்டியதும் 'இச் இச்' என்று அக்காவைக் கூப்பிட்டுப் பார்க்கிறது, அவள்தான் எழுந்திருப்பதில்லை.