உளுந்து வேரின் சிவப்பு

கரிசல் காட்டில் இருந்த அந்த ஆசிரமத்தில் குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம். குரு மெய்யம்மைக்கு நாற்பது இருக்கும். சீடர் கோமதிநாயகத்துக்குத் தலை முழுக்க நரை.

இருவரும் உளுந்துக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் ஓர் ஆள் நின்றிருந்தான்.

"யார் அது?" என்றார் மெய்யம்மை.

"என் தம்பி. இங்கே தங்கட்டுமா என்று கேட்டான். போகச் சொன்னேன். போகமாட்டேன் என்கிறான்."

"தங்கட்டுமே."

"பெற்றவள் படுக்கையில் கிடந்தபோது ஓடிப்போனவன். ஒரே ரத்தம் என்று சொல்லவே கூசுகிறது. அவன் உள்ளே வந்தால் நான் வெளியே, அம்மா."

மெய்யம்மை ஓர் உளுந்துச் செடியைப் பிடுங்கினார்.

"அம்மா, அது பயிர்!"

"வேரைப் பாருங்கள்."

வேரெல்லாம் சின்னச் சின்ன முடிச்சுகள்.

"நோய் கண்டிருக்கிறது. பிடுங்கியது நல்லதாய்ப் போயிற்று."

"ஒன்றைக் கிள்ளிப் பாருங்கள்."

கிள்ளினார். உள்ளே சிவப்பு. கறுப்பு மண் ஒட்டிய விரலில் அது ஈரமாகப் படிந்தது.

"செடிக்கு ரத்தமா?" குரல் தாழ்ந்துவிட்டது.

"நம் ரத்தத்துக்குத் தூரத்து உறவு. உள்ளே ஒரு விருந்தாளி. கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா. காற்றில் இருக்கும் நைட்ரஜனைச் சமைத்துச் செடிக்குப் போடும். செடி அதற்குச் சர்க்கரை கொடுக்கும்."

"அதற்குக் கதவு திறந்தது யார்?"

"வேர்தான். ஆதியில் பூஞ்சைக்கு வைத்த கதவு. பல கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பாக்டீரியாவின் மூதாதை பூஞ்சை மாதிரியே தட்டக் கற்றது. தட்டும் வித்தை இதன் மரபணுவில் ஏறியது. திறக்கும் வித்தை செடியின் மரபணுவில் ஏறியது. இன்றைக்கு ஒவ்வோர் உளுந்துக்குள்ளும் அந்தத் திறக்கும் வித்தை இருக்கிறது."

கோமதிநாயகம் செடியை இரு கையாலும் ஏந்திக்கொண்டார். காடு முழுக்க உளுந்து. அத்தனை வேரிலும் இந்தச் சிவப்பு.

"எல்லாச் செடியும் திறக்குமா?"

"உளுந்தின் பங்காளிகள் பலர் கதவைச் சாத்திவிட்டார்கள். அந்த மரபணுவையே தொலைத்துவிட்டார்கள்."

"ஏன்?"

"யார் கண்டது? உட்கார்ந்து தின்ற விருந்தாளிகளும் இருந்திருக்கலாம்."

"அதைத்தானே நானும் சொல்கிறேன்!"

"சும்மா தின்றால் உளுந்தும் சோற்றைக் குறைக்கும்."

"உள்ளே விட்ட பிறகா?"

"உள்ளே விட்ட பிறகு."

வாசலில் நின்றவன் கால் மாற்றி நின்றான். கோமதிநாயகம் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, வெளியே மண்ணில் கிடக்கும்போதே அதற்கு இந்தச் சிவப்பு உண்டா?"

"கிடையாது. உள்ளே வந்த பிறகுதான் சிவக்கும்."