கோட்டை வாசலில் நின்ற வேதப் புத்தகம்

முன்னொரு காலத்தில், கடலோரத்து நாடு ஒன்றில், எதைக் கண்டாலும் "ஏன்?" என்று கேட்கிற ராஜா ஒருவர் இருந்தார். சாப்பிட உட்கார்ந்தால் மீனுக்கு ஏன் முள் என்பார். பதில் தேடித் தேடியே மந்திரிகளுக்குத் தலை வழுக்கையாகிவிட்டது, பாவம். ராஜாவும் குடிமக்களும் கிறிஸ்தவர்கள். கோட்டைக்கு வெளியே கடற்கரைக் கோவிலில் வேதப் புத்தகம் இருந்தது. தினமும் காலையில் அதைப் பட்டு மெத்தையில் வைத்து, குடை பிடித்து, மேளம் கொட்டி சபைக்குக் கொண்டுவருவார்கள். புத்தகம் வந்து சேராமல் எந்தத் தீர்ப்பும் சொல்லக்கூடாது என்பது அங்கே வழக்கம்.

ஒருநாள் ஆற்று முகத்துவாரத்தில் சில படகுகள் வந்து நின்றன. அக்கரையில் கடல் ஊருக்குள் புகுந்து வீடுவாசலை வாரிக்கொண்டு போய்விட்டதாம். பிழைத்தவர்கள் பிள்ளைகுட்டிகளோடு கிளம்பி வந்திருந்தார்கள். குடிதண்ணீர் தீரப்போகிறது. அவர்களை இறங்க விடுவதா, திருப்பி அனுப்புவதா?

"வேதம் சொல்வதே சட்டம். என்ன சொல்கிறது, பார்த்துச் சொல்லுங்கள்" என்றார் ராஜா.

மந்திரி சந்தியாகு எழுந்தார். "அரசே, வேதத்தில் பக்தர்கள் எருசலேமுக்கு மதில் கட்டினார்கள், வாசலுக்குத் தாழ்ப்பாள் போட்டார்கள். அந்நியரை வெளியே நிறுத்தத்தானே மதில்?"

அரண்மனை விகடன் எழுந்தான். அவன் பெயர் வியாகுலம். பெயரில்தான் துயரம், அவன் இருக்கும் இடத்தில் யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்க முடியாது. "மந்திரியாரே, அந்நியனை நேசி, நீயும் எகிப்தில் அந்நியனாய் இருந்தவன்தான் என்றும் அதே வேதத்தில் இருக்கிறதே?"

மந்திரி இன்னொரு வசனத்தை எடுத்துவிட்டார். வியாகுலமும் விடவில்லை. பொழுது சாயும்வரை இதே கூத்து. ராஜாவுக்கோ ஒரே குஷி. "ஒரே புத்தகம் இருவர் பக்கமும் பேசுகிறதே, ஏன்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். படகில் குடிதண்ணீர் குறைந்துகொண்டே போகிறதே என்று வியாகுலம் மட்டும் அடிக்கடி முகத்துவாரப் பக்கம் எட்டிப் பார்த்தான்.

ராஜா தன்னைப் பார்த்து ஒருநாளும் சிரித்ததில்லை என்று மந்திரிக்கு வியாகுலத்தின்மேல் வெகுநாள் வயிற்றெரிச்சல். சமயம் பார்த்துச் சொன்னார்: "அரசே, நாளை வியாகுலத்தையே கோட்டை வாசலில் காவலுக்கு நிறுத்துங்கள். வருவது எவராயினும், எதுவாயினும், ஊர் எது, இந்நாட்டுக்கு வந்தது எப்படி, வருமுன் அறிந்த சாட்சி யார் என்று கேட்கட்டும். வெளியூரிலிருந்து வந்து சாட்சியும் இல்லையென்றால் உள்ளே விடக்கூடாது. தவறி உள்ளே விட்டால் இவனும் படகேற வேண்டியதுதான்."

இவன் என்னதான் செய்கிறான் பார்ப்போமே என்று ராஜாவும் சம்மதித்துவிட்டார்.

மறுநாள் காலை மேளம் முழங்க வேதப் புத்தகம் வந்தது. வியாகுலம் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான்.

"நில்லுங்க! யாரு வர்றது?"

"கண்ணு தெரியலையாடா? வேதம் வருது!" என்றான் மேளக்காரன்.

"தெரியுது அண்ணே. அதுக்கு ஊரு எது?"

"எருசலேம் பக்கம்னு சொல்லுவாங்க."

"அப்ப வெளியூரு. எப்படி வந்துச்சு?"

"நம்ம பாட்டன் காலத்துல அக்கரையிலேர்ந்து படகுலதான் வந்துச்சாம்."

"சரி, இங்க வர்றதுக்கு முன்னாடி அதைத் தெரிஞ்ச சாட்சி யாரு இருக்கா?"

"அப்படி இங்க யாரும் இல்லையேடா" என்றான் மேளக்காரன். மந்திரி தலைப்பாகை அவிழ ஓடிவந்து, "மூடனே, வேதத்தையா மறிக்கிறாய்!" என்று கத்தினார்.

"எதுவாயினும் என்று ஆணையிட்டது தாங்கள்தானே? நான் படகேறத் தயாரில்லை, மந்திரியாரே."

புத்தகம் வராமல் சபை கூடாது. ராஜாவே வாசலுக்கு வந்துவிட்டார். "சரி, இதற்குச் சாட்சி சொல்ல யாரால் முடியும்?"

"இது வந்தது அக்கரையிலிருந்து. அக்கரையாரால்தான் முடியும், அரசே. நல்லவேளை, முகத்துவாரத்தில்தான் இருக்கிறார்கள்."

"ஒருவனை மட்டும் கூப்பிடுங்கள்" என்று மந்திரி பல்லைக் கடித்தார்.

"ஒரு சாட்சி போதாது, இரண்டு மூன்று பேர் வேண்டும் என்று வேதமே சொல்கிறதே! அதுவும் இதை ஒருவரா எழுதினார்? மோசே எழுதியது தனி, தாவீது பாடியது தனி, மீன்பிடித்தவர் எழுதியது தனி. ஒவ்வொன்றுக்கும் சாட்சி கேட்க வேண்டாமா?"

ராஜா விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். விரல் போதவில்லை. "எல்லாப் படகையும் கரைக்கு அழையுங்கள்" என்றார். பசியோடு வந்த சாட்சியை விசாரிக்கக்கூடாது என்பது அந்தச் சபையின் பழைய முறை. அதனால் தண்ணீர்க் குடங்களும் சோற்றுப் பானைகளும் மந்திரியின் பின்னால் புறப்பட்டன.

முதல் படகில் மர்சலீனாள் என்ற பெண் மடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள். மந்திரி பட்டு வேட்டி நனைய இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார். "அம்மா, எங்கள் வேதத்துக்குச் சாட்சி சொல்ல வர வேண்டும்."

"வர்றேங்கய்யா. முதல்ல பிள்ளைக்கு ஒரு வாய் தண்ணி குடுங்க."

அந்த வேளைக்கு மந்திரியிடம் வசனம் எதுவும் இல்லை. குடத்தை வாங்கித் தானே ஊற்றினார். பிள்ளை மடமடவென்று குடித்தது.

எல்லோரும் சாப்பிட்டார்கள், இது தங்கள் ஊரில் ஓதிய வேதம்தான் என்று சாட்சி சொன்னார்கள், புத்தகம் உள்ளே வந்தது. அன்று மாலை மந்திரி மெல்லக் கேட்டார்: "சாட்சி முடிந்ததே, இனி இவர்களை அனுப்பிவிடலாமா?"

"முடிந்ததா?" என்றான் வியாகுலம். "ஆளுக்கு ஒரு பக்கம்கூட இன்னும் விசாரிக்கவில்லை. வழக்கு முடியும்வரை சாட்சிகள் நாட்டை விட்டுப் போகக்கூடாது என்பது நம் சட்டம். வசனத்துக்கு வசனம் மகாராஜா ஒரு 'ஏன்' வேறு கேட்பார்."

ராஜா கிரீடம் நழுவும்வரை சிரித்தார். "அப்படியானால் என் ஆயுளில் இது முடியாதே!" என்று சொல்லித் தன் முத்துமாலையைக் கழற்றி வியாகுலத்தின் கழுத்தில் போட்டார். சாட்சிகள் தங்குவதற்குக் கடற்கரையில் மனையும் அளந்து கொடுக்கச் சொன்னார்.

அந்த வழக்கில் தீர்ப்பு இன்னும் வரவில்லை. சாட்சிகளின் பேரப்பிள்ளைகள் அதே கரையில் வலை வீசிக்கொண்டிருக்கிறார்கள்.