பித்தளைப் பெயர்ப்பலகை நுரைத்த கதை

தூத்துக்குடி தனபாலன் முதலாளியிடம், இரண்டு ஓடங்களைச் சேர்த்துப் பிணைத்த மாதிரி ஒரு பாய்ப்படகு இருந்தது. போட்டிக்கு முந்தின நாள் இடது ஓடத்துக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. பழி, முன்பு அந்த ஓடத்தின் விரிசலுக்கு ஒட்டுப் போட்டிருந்த, படகு பழுதுபார்த்துப் பிழைக்கும் சிலுவை என்பவன்மேல் விழுந்தது.

“உன் ஒட்டுதாம்ல ஒழுகுது. பெயிண்ட் கீறாம, கடல்ல எறக்காம ஓட்டையக் காட்டு. அதுக்குக் காரணமானவன் இனி இந்தப் படகுல கால் வைக்கக் கூடாது.”

“ஆளு யாரா இருந்தாலுமா, முதலாளி?”

“யாரா இருந்தாலும்தாம்ல.”

சிலுவை ஓடம் முழுக்கச் சோப்பு நுரை பூசினான். ஓடத்தின் மேல்மூடியை இறுக்கிவிட்டு, தண்ணீர் வடிக்கும் துளையில் சைக்கிள் பம்பைச் செருகிக் காற்றடித்தான். அவன் போட்ட ஒட்டு கம்மென்று கிடந்தது. போன வாரம் முதலாளி தன் கையாலேயே திருகாணி முடுக்கி மாட்டிய பித்தளைப் பெயர்ப்பலகையைச் சுற்றித்தான் குமிழி கொப்பளித்தது.

“ஓட்டைய நான் அடைச்சிருதேன், முதலாளி. நாளைக்குப் போட்டிய நீங்க கரையில நின்னே பாருங்க.”