அணிலின் வால் நுனி

ராஜபாளையத்து மளிகைக் கடை ஒன்றில் ஓர் அப்பளப் பாக்கெட் இருந்தது. அதன்மேல் ஓர் அணில் உட்கார்ந்திருந்தது. அணிலின் தலைக்குமேல் 'மொறுமொறு அப்பளம்' என்ற பெயர் கொட்டை எழுத்தில் கால் நீட்டிப் படுத்திருந்தது. இரண்டுக்கும் பொழுது விடிந்தால் சண்டைதான்.

"என்னைப் படிச்சுட்டுத்தான் ஜனங்க வாங்குறாங்க" என்று பெயர் பீற்றிக்கொள்ளும்.

"'அந்த அணில் அப்பளம் கொடுங்க'ன்னு கேட்கிறது உன் காதுல விழலையா?" என்று அணில் பதில் சொல்லும். சொல்லிவிட்டு வாலை ஒரு சிலுப்பு சிலுப்பும். தன் வாலைப் பற்றி அதற்குக் கர்வம் கொஞ்சம் கூடுதல். முன்பு அதன் நுனியில் கறுப்பாக ஏதோ கிறுக்கியிருந்தது. அப்பள முதலாளி அன்னபாக்கியம்தான், "இதென்ன அழுக்கு?" என்று அச்சாபீசில் சொல்லி அழிக்க வைத்தாள்.

ஒருநாள் பக்கத்தில் ஒரு புதுப் பாக்கெட் வந்து உட்கார்ந்தது. 'அசல் மொறுமொறு அப்பளம்'. வேறு முதலாளி. ஆனால் அதே அணில்!

"திருட்டுப் பயலே! என் மூஞ்சி, என் வாலு, எல்லாத்தையும் சுருட்டிட்டியா?" என்று கத்தியது பழைய அணில்.

புது அணில் கொட்டாவி விட்டது. "எனக்கென்ன தெரியும்? அச்சாபீஸ் கம்ப்யூட்டர்லருந்து எடுத்து ஒட்டினாங்க. வந்துட்டேன்."

வாங்க வந்தவர்கள் அணிலைப் பார்த்தார்கள், விலை குறைந்ததை எடுத்துக்கொண்டு போனார்கள். அன்னபாக்கியத்தின் பாக்கெட்டுகள்மேல் தூசி படிந்தது. "ஆடி மாசத்துக்குச் சரக்கு போடாதீங்கம்மா, இருக்கிறதே போகல" என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார். அன்னபாக்கியம் அங்கேயே அழுதுவிட்டாள். அவளை நம்பி நாலைந்து பெண்கள் அப்பளம் தேய்க்கிறார்கள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு பாக்கெட்டையும் கொண்டுபோய் வக்கீல் சுலைகாவின் மேஜைமேல் வைத்தாள்.

"என் பேரு, என் அணிலு. ரெண்டையும் திருடிட்டாங்க மேடம்."

வக்கீல் முதலில் பெயரைப் பார்த்தார். "எந்த அப்பளமும் மொறுமொறுன்னுதானே இருக்கும்? இதை உங்களுக்கு மட்டும்னு டிரேட்மார்க் வாங்குறது கஷ்டம்மா."

பெயர் நீட்டிய காலை மடக்கிக்கொண்டது. "நான் உண்மையைத்தானே சொன்னேன்?"

"உண்மை ஊருக்கே பொது. அதைப் போய் யாரு பூட்டி வைப்பாங்க?" என்று சிரித்தது அணில்.

"அணில் பரவாயில்ல" என்றார் வக்கீல். "அப்பளத்துக்கும் அணிலுக்கும் சம்பந்தமே கிடையாது. டிரேட்மார்க்குக்கு நல்லா நிக்கும்."

அணில் நெஞ்சை நிமிர்த்தியது.

"ஆனா, இதை வரைஞ்சது யாரு?"

"சிவகாசில சூசைன்னு ஒருத்தர். காசு கொடுத்துட்டேனே!"

"படம் இனி உங்களோடதுன்னு எழுதிக் கொடுத்தாரா?"

"அணிலுக்கெல்லாமா மேடம் பத்திரம் எழுதுவாங்க?"

"எழுதலைன்னா காப்பிரைட் வரைஞ்சவர்கிட்டதான் இருக்கும். அணில் இன்னும் அவரோடது."

அணிலின் நெஞ்சு இறங்கிவிட்டது. புது அணில் மெல்லக் கேட்டது: "என்னைத் திருட்டுப் பயலேன்னியே. நாம ரெண்டு பேரும் ஒரே அப்பன் பிள்ளைங்க போலிருக்கே, அண்ணே?"

அணில் வாலைக் காலுக்கடியில் சுருட்டிக்கொண்டது.

மறுநாள் அன்னபாக்கியம் சிவகாசிக்கு பஸ் ஏறினாள். சூசை இரண்டு பாக்கெட்டையும் வாங்கிப் பார்த்தார்.

"அவங்களுக்கு நான் கொடுக்கலீங்க. யாரும் என்னைக் கேட்கவே இல்ல" என்றார். பிறகு, "நீங்களும் கேட்கல. வால்ல போட்டிருந்த என் கையெழுத்தையும் காணோம்" என்றார்.

"கையெழுத்தா?" அன்னபாக்கியத்துக்கு முகம் சிறுத்துப்போயிற்று. "ஐயோ, நான் அழுக்குன்னு நினைச்சு அழிக்கச் சொன்னேங்க."

சூசைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "விடுங்கம்மா. எங்க வீட்ல கூட என் கையெழுத்தை அப்படித்தான் சொல்வாங்க. இப்பவாவது கேட்டு வந்தீங்களே."

அணிலை அவள் பேருக்கு எழுதிக் கொடுத்தார். அவர் கேட்டது ஒன்றுதான்: அழித்ததைத் திரும்பப் போட வேண்டும்.

வக்கீல் நோட்டீஸ் போனது. எதிர் முதலாளி கொஞ்ச நாள் முறைத்துவிட்டு, தன் பாக்கெட்டுகளை அள்ளிக்கொண்டு போனார். ஆடிக்கு அன்னபாக்கியத்தின் 'அணில் அப்பளம்' கடைக்கு வந்து இறங்கியது. மொறுமொறு சின்ன எழுத்தாகி அணிலின் காலடியில் உட்கார்ந்திருந்தது. அதற்கு வருத்தம்தான். ஆனாலும் உள்ளே இருப்பது என்னவென்று யாராவது சொல்லத்தானே வேண்டும்?

அள்ளும்போது தவறிப்போன ஒற்றைப் பாக்கெட் ஒன்று அலமாரி மூலையில் கிடந்தது. அதிலிருந்து தம்பி அணில் எட்டிப் பார்த்தது.

"அண்ணே, வால் நுனியில என்ன, அழுக்கா?"

அணில் வாலைத் திருப்பி ஒரு தடவை பார்த்துக்கொண்டது. இந்த முறை சிலுப்பவில்லை.

"அழுக்கு இல்லடா. என் இனிஷியல்."