திரும்பி வந்த பலி

இது ஒரு சிக்கலான வழக்கு. கோர்ட்டில் எப்போதோ முடிந்துவிட்டது. அன்னபாக்கியத்துக்கு மட்டும் முடியவில்லை. முழுவதையும் கேட்டுவிட்டுத் தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள். அவசரம் வேண்டாம். அவசர அவசரமாக மன்னிக்கச் சொன்னவர்களை அவள் நிறையவே பார்த்துவிட்டாள்.

செம்மணல் மேடுகளான தேரிக்காட்டு ஓரத்தில் இருக்கிறது பெத்தேல்விளை. ஊர் முழுக்க ஒரே கிறிஸ்தவ சபை. அன்னபாக்கியம் கணவனை இழந்தவள். அவளுக்கு இருந்தது ரூபன் என்ற ஒரே மகன். ஒரு சாயங்காலம் கோயிலில் பாட்டு ஒத்திகைக்குச் சைக்கிளில் போனவனை மாசிலாமணியின் டிராக்டர் அடித்துப் போட்டது. மாசிலாமணி பெரிய வாழைத்தோட்டக்காரர். கோயிலில் முன் பெஞ்சு அவருக்குத்தான். ஆட்டோவில் தாய் மடியில் கிடந்த ரூபன், "ஜெயசிங் அண்ணன்" என்று மட்டும் சொன்னான். ஆஸ்பத்திரி வாசல்வரைகூட உயிர் நிற்கவில்லை.

ஜெயசிங் மாசிலாமணியின் மூத்த மகன். அன்று நல்ல போதையில் இருந்தான். வாத்தியார் வேலைக்கு அவனுக்கு உத்தரவு வந்திருந்த நேரம் அது. மாசிலாமணி நேரே வக்கீலிடம் போனார்.

"யாராவது ஒருத்தர் உள்ள போய்த்தான் ஆகணும். மிஞ்சிப்போனா ஒன்றரை வருஷம். முழுசாத் திரும்பி வந்துரலாம்" என்றார் வக்கீல்.

வீட்டுக்கு வந்து இளைய மகன் அருள்தாஸைக் கூப்பிட்டார் மாசிலாமணி. அருள்தாஸ் அப்பாவை எதிர்த்துப் பேசத் தெரியாதவன். அப்பா சொன்னதைக் கேட்டான். அண்ணன் முகத்தை ஒருமுறை பார்த்தான். செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பினான். ஓட்டியது நான்தான் என்று அங்கே ஒப்புக்கொண்டான். அவனுக்கு டிராக்டர் ஓட்டவே தெரியாது என்பது ஊருக்கே தெரியும். ஊர் வாயைத் திறக்கவில்லை. அன்னபாக்கியம் திறந்தாள். பெற்றவள் துக்கத்தில் உளறுகிறாள் என்று ஆறுதல் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அவள் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஜெயசிங் அவள் முகத்தைப் பார்த்து, "நான்தான் ஓட்டினேன்" என்று சொல்ல வேண்டும். அவன் ஜெயிலுக்குப் போக வேண்டும் என்றுகூட அவள் சொல்லவில்லை. ஆனால் எங்கே போய் நின்றாலும், "அதான் ஒருத்தன் தண்டனை அனுபவிக்கானே, இன்னும் என்ன?" என்று வாயை அடைத்தார்கள்.

அருள்தாஸ் இளைத்துக் கறுத்துப் போய், ஈஸ்டருக்கு முந்தின வாரம் விடுதலையாகி வந்தான். மாசிலாமணிக்குத் தலைகால் புரியவில்லை. ஈஸ்டர் அன்று சபைக்கே அசனம் போடுவதாக அறிவித்தார். அசனம் என்பது ஊர்ப்பந்தி. அதில் அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டால் பகை தீர்ந்தது என்று பொருள்.

ஈஸ்டர் விடியலில் வழக்கம்போல் எல்லோரும் கல்லறைத் தோட்டத்தில் கூடி, தங்கள் தங்கள் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றினார்கள். குருவானவர் பிரசங்கம் செய்தார். "பிதா தம்முடைய மகனைக் கொடுத்தார். குற்றமில்லாதவர் குற்றவாளிக்காகப் போனார். மூன்றாம் நாள் திரும்பி வந்தார்" என்றபோது அவர் கண் அருள்தாஸ் பக்கம் போய் மீண்டது. ரூபனின் கல்லறைக்குப் பக்கத்தில் நின்ற அன்னபாக்கியம் அதைக் கவனித்தாள்.

மதியம் பந்தியில் அவளுக்கு ஜெயசிங்குக்குப் பக்கத்து இலை போட்டிருந்தார்கள். அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"உக்காருங்கம்மா. உயிர்த்தெழுந்த நாள் இன்னைக்கு. கசப்பை விட்டுருங்க" என்றார் குருவானவர்.

மாசிலாமணி கைகூப்பினார். "நானும் ஒரு மவனைக் குடுத்தவன்தாம்மா."

அந்தச் சொல்லைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"அண்ணாச்சி, நீங்க குடுத்த மவன் அந்தா உக்காந்து சோறு திங்கான். நான் குடுக்கவுமில்ல, எங்கிட்ட யாரும் கேக்கவுமில்ல. என் புள்ள மண்ணுக்குள்ள கெடக்கான்." குருவானவரிடம் திரும்பினாள். "ஐயா, ஆண்டவர் பட்ட பாடு பொய்யின்னு நான் சொல்லல. அருள்தாஸ் பட்டதும் பொய்யில்ல. ஆனா திரும்பி வருவான்னு தெரிஞ்சே அனுப்புனா, அதுக்குப் பேரு பலியா? ஒருத்தன் செஞ்சதுக்கு இன்னொருத்தன் அடி வாங்கிட்டா, செத்தவனுக்கு நியாயம் கெடைச்சிருமா?"

"ரூபனும் கடைசி நாள்ல எழுந்திருப்பாம்மா" என்றார் குருவானவர். அதை அவர் நம்பித்தான் சொன்னார். குரல் மட்டும் இறங்கிவிட்டது.

"எழுந்திருக்கட்டும். எழுந்து வந்து, 'என்னை அடிச்சவன் ஒத்துக்கிட்டானாம்மா'ன்னு கேட்டா நான் என்ன சொல்ல?"

ஜெயசிங் இலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அருள்தாஸ் பாதி எழுந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். மாசிலாமணி அவன் தோளைப் பிடித்து அழுத்தினார். அவன் உட்கார்ந்துவிட்டான். அன்னபாக்கியம் வெறும் இலையை மடித்துப் போட்டுவிட்டு வெளியேறினாள்.

இப்போது சொல்லுங்கள்: வண்டியை ஓட்டியவன், பழியை ஏற்றுக்கொண்டு போனவன், அவனை அனுப்பி வைத்தவர், இந்த மூவரில் அன்னபாக்கியத்துக்குப் பெரிய அநியாயம் செய்தது யார்?

விடை: மாசிலாமணி. ஜெயசிங் உயிரையே எடுத்தவன்தான். ஆனாலும் அவன் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அவள் ஒருவேளை மன்னித்திருப்பாள். அருள்தாஸின் தியாகம் உண்மையானது. ஆனால் அதன் பலன் அண்ணனுக்குப் போனது, அவளுக்கு மிஞ்சியது ஒரு பொய். போதையும் இல்லாமல், பயமும் இல்லாமல், எப்போது திரும்பி வருவான் என்று விசாரித்துவிட்டு அனுப்பியவர் மாசிலாமணி ஒருவர்தான். செத்தவனின் வாய்ச்சொல்லைப் பொய்யாக்கிவிட்டு, அதற்குக் கொடை என்று பெயரும் வைத்துக்கொண்டார். அடுத்த ஈஸ்டர் விடியலில் அன்னபாக்கியம் கல்லறைக்குப் போனபோது, ரூபனின் தலைமாட்டில் யாரோ முன்பே மெழுகுவத்தி ஏற்றி வைத்திருந்தார்கள். மூவரில் யார் என்று தெரியவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தாள், ஒருவரும் முன்னால் வரவில்லை. குனிந்து அதை ஊதி அணைத்துவிட்டு, தன்னுடையதை ஏற்றினாள்.